நெதர்லாந்தின் பைபிள் ஓடுகள்

நெதர்லாந்தின் பழைய வீடுகளில் கணப்படுப்பைச் சுற்றிலும் பைபிள் காட்சிகள் தீட்டிய சதுர ஓடுகளைப் பதிப்பது வழக்கமாக இருந்தது. பக்கத்துக்குச் சுமார் 13 சென்டிமீட்டர். நிறம் பெரும்பாலும் நீலம் அல்லது ஊதா. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ராட்டர்டாம், ஆம்ஸ்டர்டாம், உட்ரெக்ட், ஹார்லிங்கன் பட்டறைகள் இவற்றைச் செய்து குவித்தன.

சுட்ட களிமண் ஓட்டின்மேல் வெள்ளீயம் கலந்த வெண்பூச்சு ஏறும். ஊசியால் துளையிட்ட காகிதத்தை அதன்மேல் வைத்துக் கரித்தூளைத் தட்டினால், கோல அச்சில் மாவு இறங்குவதுபோல உருவம் புள்ளிகளாக விழும். புள்ளிகளைத் தூரிகையால் இணைக்க வேண்டும். பூச்சு சாயத்தை உடனே உறிஞ்சிவிடும்; தவறினால் திருத்துவது அரிது. ஓவியரின் கைத்திறம் அங்கேதான் தெரியும். பிறகு ஓடு மறுபடி சூளைக்குப் போகும்.

பெரிய மீனின் வாயிலிருந்து கரைசேரும் யோனா, ஆதாம் ஏவாள் ஆகியோர் அடிக்கடி வருவார்கள். பிறர் கண்ணிலுள்ள துரும்பைக் கண்டு தன் கண்ணிலுள்ள உத்திரத்தை உணராதவன் பற்றிய இயேசுவின் உவமையை, முகத்திலிருந்து நிஜ மரக்கட்டையே நீட்டிக்கொண்டிருப்பதாகத் தீட்டிய ஓடு வெகு அழகு! சிலவற்றில் படத்தின் கீழே அதிகார, வசன எண்களும் உண்டு.

1702-இல் லண்டனில் பிறந்த மதபோதகர் பிலிப் டாட்ரிட்ஜ், வாசிக்கக் கற்கும் முன்பே, வீட்டுக் கணப்படுப்பில் பதித்திருந்த இத்தகைய டச்சு ஓடுகளைக் காட்டித் தாய் சொன்ன பைபிள் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்.