பாங்காக் ஏடிஎம்முக்கு நம் கணக்கு எப்படித் தெரியும்?

பாங்காக் ஏடிஎம்முக்கு நம்மூர் வங்கியைத் தெரியாது. அட்டை எண்தான் அதற்கு வழிகாட்டி. 4 என்று தொடங்கினால் விசா நிறுவன வலைப்பின்னலின் அட்டை. அடுத்த இலக்கங்கள் எந்த வங்கி என்று சொல்லும். கோரிக்கை விசா வலைப்பின்னல் வழியே நம் வங்கியின் கணினிக்குப் போய், பின் எண்ணும் இருப்பும் சரிபார்க்கப்பட்டு, சில நொடிகளில் பதில் திரும்புகிறது. பிறகே நோட்டு வரும்.

ஆனால் இந்த வழி தானாகவே திறந்திருக்காது. 2020 முதல் புதிய இந்திய அட்டைகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்து தரப்படுகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்பும் முன் நாமே இயக்க வேண்டும்.

பணம் எடுக்கும்போது திரையில் ஒரு கேள்வி வரலாம்: தொகையை ரூபாயில் கணக்கிடவா, தாய்லாந்து நாணயமான பாட்டில் கணக்கிடவா? ரூபாய் என்றால் மாற்று விகிதத்தை ஏடிஎம் தரப்பே தன் லாபம் சேர்த்து வைக்கும். பார்க்க அக்கறை போலிருக்கும், வியாபாரம்தான். பாட் என்றால் பெரும்பாலும் விசாவின் விகிதம், வங்கிக் கட்டணம் தனி. யோசிக்காமல் பாட் என்பதையே அழுத்துங்கள்.