பல் போன இடத்தில் இம்பிளான்ட் கட்டாயமா? முதலில் பக்கத்துப் பல்லைப் பாருங்க!

கடைவாய்ப் பல் ஒண்ணை எடுத்தாச்சு. சிரிச்சா வெளியே தெரியாது, இன்னொரு பக்கம் மென்னுக்கலாம்னு பலரும் அப்படியே விட்டுடறாங்க. ஆனால் அந்த இடைவெளி சும்மா இருக்காது. பக்கத்துப் பற்கள் மெல்லச் சாயும், எதிர்வரிசைப் பல் நீண்டு வரும், வேர் போன இடத்தில் எலும்பும் கரையும்.

அப்போ உடனே இம்பிளான்ட்தானா? பக்கத்துப் பற்கள் எப்படி இருக்குன்னு முதலில் பாருங்க. பிரிட்ஜ் கட்ட, வழக்கமாக இருபுறப் பற்களையும் தேய்க்க வேண்டும். அவை நல்ல பற்கள் என்றால் தேய்ப்பது வீண், இம்பிளான்ட்தான் மேல். ஏற்கெனவே ரூட் கெனால் செய்து கேப் போட வேண்டிய பற்கள் என்றால், பிரிட்ஜே போதுமாக இருக்கலாம்.

இம்பிளான்ட் என்பது தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியம் திருகு. 1965-ல் ஸ்வீடனின் பிரோனமார்க் முதன்முதலில் ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். எலும்பு அதைக் கெட்டியாகப் பிடிக்க பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும். சிகரெட்டும் கட்டுப்படாத சர்க்கரையும் அந்தப் பிடிப்பைக் கெடுக்கும். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லியே ஆகணும்.

இம்பிளான்டுக்குச் சொத்தை வராது. ஆனால் சரியாகத் துலக்காவிட்டால் சுற்றியுள்ள ஈறு வீங்கி, எலும்பு கரைந்து, திருகே ஆடிவிடும்.

போனது ஞானப்பல்லா? பெரும்பாலும் எதுவுமே கட்ட வேண்டாம். மற்ற பல் என்றால், டாக்டர் சொல்லும் தொகை திருகுக்கு மட்டுமா, மேலே வரும் கேப்பும் சேர்த்தா என்று முதலிலேயே கேட்டுக்கோங்க.