பெரிய டயருக்காக மட்காட்டை வெட்டலாமா?

மழைக் காலத்தில் நம் தோட்டப் பாதைகள் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேனோ பழைய ஜீப்போ வைத்திருக்கும் சகோதரர்கள், அடிப்பக்கம் கல்லில் தட்டுகிறதென்று பெரிய டயர் போடுகிறார்கள். பிறகு வளைவில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது டயர் மட்காட்டில் உரசுகிறது. "கொஞ்சம் வெட்டிட்டா சரியாப் போயிரும் அண்ணே" என்பார்கள் கராஜில். சரியாகும்தான், முறையாக வெட்டினால்.

முதலில் ஒரு கணக்கு. டயரின் உயரம் 2 அங்குலம் கூடினால் வண்டி உயர்வது 1 அங்குலம்தான். மற்ற 1 அங்குலம் மேலே, மட்காட்டுப் பக்கம் போய்விடும். 28 அங்குல டயருக்குப் பதில் 30 போட்டால், மீட்டர் 40 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 43இல் ஓடும். பிரேக்கும் முன்னைப்போல் பிடிக்காது. இறக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். என்னைக் கேட்டால், 1 அங்குலத்துக்கு மேல் ஆசைப்படக் கூடாது.

உரசும் இடத்தைக் கண்டுபிடிக்க டயர் ஓரத்தில் சோக்கட்டி பூசுங்கள். ஆட்களை ஏற்றி, ஒரு முன் சில்லை கல்லின் மேல் ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடியுங்கள். தகரத்தில் வெள்ளை ஒட்டிய இடம்தான் வெட்ட வேண்டிய இடம். விளிம்பை உள்ளே மடித்தாலே போதுமென்றால் வெட்டவே வேண்டாம்.

பல வண்டிகளில் மட்காட்டு விளிம்பு இரண்டு தகரம். வெளித்தகரமும் உள்தகரமும் அந்த விளிம்பில்தான் பொட்டுப் பொட்டாக வெல்டிங் பிடித்திருக்கும். அதை அரிந்துவிட்டால் இரண்டும் வாய் பிளந்து நிற்கும். நடுவில் சேறும் தண்ணியும் போய் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். ஆகவே வெட்டிய பிறகு உள்தகரத்தைச் சிறு சிறு துண்டாகக் கீறி, வெளித்தகரத்தோடு சேர மடித்து, மறுபடி வெல்டிங் வைக்க வேண்டும். ஒரே இழுப்பாக இழுத்தால் மெல்லிய தகரம் சூட்டில் நெளிந்துவிடும். இங்கொன்று அங்கொன்றாகப் பொட்டு வைத்து, ஆறவிட்டு, பிறகு நடுவை நிரப்புவதே வேலை தெரிந்தவர் வழி. வெட்டிய முனையை அரத்தால் மழுக்காமல் விட்டால் அது டயரின் பக்கத்தைக் கத்திபோல் கிழிக்கும்.

பழைய லேண்ட்ரோவரின் மட்காட் அலுமினியக் கலவை. சாதாரண இரும்புக் குச்சியால் அதை ஒட்ட முடியாது, ஓட்டைதான் விழும்.

வெல்டிங்குக்கு முன் பற்றரி வயரைக் கழற்றுங்கள். சில்லையும் கழற்றித் தூரமாக வையுங்கள், சூட்டில் டயர் வெடிக்கும். பிரேக் குழாயும் எண்ணெய்க் குழாயும் பக்கத்தில் போகிறதா பாருங்கள். ஒரு வாளி மணல் கிட்டவே இருக்கட்டும். நாகம் பூசிய தகரத்தின் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், வெட்டவெளியில் செய்யுங்கள். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை விரட்டிவிடுங்கள். அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் ராத்திரி கண்ணில் மண் விழுந்ததுபோல் உறுத்தும்.

வேலை முடிந்ததும் துருத் தடுப்பு பெயின்ட் இரண்டு கை அடித்து, சோக்கட்டியால் மறுபடி சோதித்துவிட்டு வண்டியை ரோட்டுக்கு இறக்கலாம்.