யுத்தம் திறந்து வைத்த சங்கங்கள்

சங்கத்திற்கு எதற்காகப் போகிறீர்கள் என்று அங்கத்தினர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். "ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்க" என்பதே பெரும்பாலும் விடையாக வரும். நூல் வந்ததா, உரம் வந்ததா, தள்ளுபடித் தொகை வந்ததா என்பதே பேச்சு. இப்பழக்கத்தின் வேரைத் தேடினால் இரண்டாம் மகாயுத்தத்தில் போய் முடிகிறது.

காரைக்காலுக்கும் அந்த யுத்தத்திற்கும் வெகுதூரம் என்று எண்ணுவதற்கில்லை. 1940 ஜூனில் பிரான்சு வீழ்ந்தது. செப்டம்பரில் புதுச்சேரி கவர்னர் போன்வென் தளபதி டிகோலின் பக்கம் சேர்ந்தார். காரைக்காலும் உடன் சேர்ந்ததாயிற்று. 1941-ல் பிரிட்டிஷ் இந்தியாவுடன் சுங்க உடன்படிக்கை ஏற்பட்டது. அவ்வாண்டே ஜப்பானியப் படை தென் இந்தோசீனாவில் புகுந்தது. சைகோனில் உத்தியோகமும் வியாபாரமும் பார்த்த நம்மவர் அனுப்பும் பணத்தை நம்பி அடுப்பெரித்த வீடுகள் கலங்கின. 1942 மார்ச்சில் ரங்கூன் விழ, பர்மா அரிசி நின்றது. காவிரிக் கடைமடையில் விளைந்த நெல்லின்மேல் நாடெங்கும் உள்ள பசியின் பார்வை விழுந்தது. 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பஞ்சத்தில் மாண்டனர். நெல் கொள்முதலும் பங்கீட்டு அட்டையும் அந்த அச்சத்தில் வேரூன்றியவையே.

நூலின் கதை இன்னும் கசப்பானது. கைத்தறிக்காரன் பெரும்பாலும் ஆலை நூலையே நம்பியிருப்பவன். ஆலைகளோ பட்டாளத்துத் துணிக்கு ஓடின. சிட்டத்தின் விலை ஏறியது. பணம் இருந்தாலும் கிடைப்பது அரிதாயிற்று. 1943-ல் பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. சென்னை மாகாணத்தில் கட்டுப்பாட்டு நூலைப் பெறும் வழிகளுள் கூட்டுறவுச் சங்கமும் ஒன்றாயிற்று. சங்கங்கள் மளமளவென்று பெருகின. நூல் வியாபாரியிடம் கைகட்டி நின்ற ஏழை, தன் தறிக்கு உரிய பங்கை உரிமையாகக் கேட்டது அப்போதுதான். இந்த நன்மையை மறைப்பது நியாயமன்று.

ஆனால் மறுபக்கமும் உண்டு. பயிற்சிக்காலத்தில் எல்லைக்கு அப்பால், தஞ்சைச் சீமையில் ஒரு பழைய சங்கத்திற்குச் சென்றிருந்தேன். பீரோவின் அடித்தட்டில் கட்டுப்பாட்டுக் காலத்துத் தறிப்பதிவேடு கிடந்தது. கரையான் தின்றது போக எஞ்சியதைப் புரட்டினேன். பக்கம் பக்கமாக ஒரே கையெழுத்து, ஒரே மை. வீட்டுக்கு நான்கு தறி. அருகில் நின்ற முதியவர் சிரித்தார். "அந்த வீட்டிலே நாலு தறி போட இடமே கிடையாது, ஐயா. தறிக்கு இத்தனை கட்டு நூல் என்றார்கள். ஆகவே தறி பெருகிற்று. நூல் கள்ள மார்க்கெட்டுக்குப் போயிற்று. நெய்கிறவனுக்குப் பாவு ஓட்டவும் போதவில்லை" என்றார்.

1950-களின் தொடக்கத்தில் கட்டுப்பாடு தளர்ந்தது. நூலுக்காகவே பிறந்த சங்கங்கள் பலவற்றுக்கு வேலை இல்லாது போயிற்று. 1952-ல் அகில இந்தியக் கைத்தறி வாரியம் அமைந்தது. 1953-ல் ஆலைத் துணிக்குக் கெஜத்துக்கு மூன்று பைசா தீர்வை விதித்துக் கைத்தறிக்கு நிதி திரட்டினார்கள். (அது அந்நாளைய பைசா, ரூபாய்க்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.) நூல் கொடுத்த சங்கம் தள்ளுபடி கொடுக்கும் சங்கமாயிற்று. பெறுகிற கை மட்டும் மாறவில்லை. யுத்தகால அதிகாரங்கள் 1946-ன் தற்காலிகச் சட்டம் வழியாக 1955-ன் அத்தியாவசியப் பொருள்கள் சட்டமாக நிலைத்தன. 1954 நவம்பர் முதல் தேதி காரைக்கால் இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தபோது யுத்தம் முடிந்து ஒன்பது ஆண்டுகள். ஆயினும் யுத்தம் வகுத்த வழக்கங்கள் ஓயவில்லை.

சென்ற மாதம் ஒரு சங்கத்தின் தணிக்கைக்குப் போனேன். பதிவேட்டில் ஓடும் தறிகளின் எண்ணிக்கை அழகாக எழுதியிருந்தது. கையொப்பத்திற்காகப் பேனாவையும் எடுத்து வைத்திருந்தார்கள். அந்த முதியவரின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. "முதலில் தெருவைப் பார்த்துவிட்டு வருவோம்" என்றேன். தலைவருக்கு முகம் சிறுத்தது. இரண்டு தெரு நடந்தோம். தறிக்குழிகள் சிலவற்றில் நெல் மூட்டை அடுக்கியிருந்தது. சிலவற்றை மண்ணிட்டு மூடிச் சிமெண்டு பூசியிருந்தார்கள். சத்தம் கேட்ட வீடுகளை மட்டும் எண்ணிக்கொண்டு திரும்பினோம். காரியதரிசி ஒன்றும் பேசாமல் பழைய எண்ணை அடித்துவிட்டு, அதன் மேலேயே புதிய எண்ணை எழுதினார்.