காற்பங்கும் முக்காற்பங்கும்: இணையவழி வகுப்பிற் பாடங்கேட்டல்

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனா நோய்த்தொற்றாற் கல்லூரிகள் மூடப்பட்டபோது, தமிழ் வகுப்பும் திரைக்கு மாறியது. கல்லூரிகள் திறந்த பின்னரும் இணையவழிக் கற்பித்தல் முற்றும் நீங்கவில்லை. அவ்வகுப்பில் ஆசிரியர் பலர் கண்ட பெருங்குறை, மாணாக்கர் பேசாமையே. இக்குறையையும் அது நீங்கும் நெறியையும் நன்னூற் பாயிரத்தின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் எம் பிழையைக் கூறுதல் தகும். அவ்வாண்டில் முதுகலை மாணாக்கர்க்கு நன்னூற் பொதுப்பாயிரத்தை ஒரு மணி நேரம் இடையறாது உரைத்து, இறுதியில் ஐயம் உண்டோ என வினவினோம். ஒருவரும் வாய் திறந்திலர். பாடம் விளங்கிற்று என மகிழ்ந்தோம். மறுநாள் எழுதச் செய்தபோது, பெரும்பாலோர் எம் சொற்களையே சிதைத்து எழுதியிருந்தனர். யாம் உரைத்த பாடமோ, கேட்டல் மட்டுமே கற்றல் ஆகாது என்பது!

பவணந்தியார் கல்வியைப் பகுத்துக் காட்டும் முறை கருதத்தக்கது. ஆசிரியர் உரைத்ததை முற்ற உளங்கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்பங்கே என்கின்றார். உடன் பயில்வாரோடு பழகிப் பெறுவது மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைப்பதால் வருவது. இவற்றை நிறுத்து அளந்த கணக்காகக் கொள்ளுதல் வேண்டா. எது மிக்கது, எது குறைந்தது என்னும் மதிப்பீடாகக் கொள்க. அதன்படி, எம் ஒரு மணி நேரம் முழுதும் காற்பங்கிற்கே செலவாயிற்று.

வகுப்பறையிலும் இக்குறை உண்டே எனின், உண்டு. ஆயினும் ஆங்கு முகம் துணைசெய்யும். இறையனார் களவியலுரை கூறும் வரலாற்றில், உருத்திரசன்மன் என்னும் பேசாச் சிறுவன் கண்ணீர் வார்ந்து, நக்கீரர் உரையே மெய்யுரை எனக் காட்டினான். வாய் பேசாதவனும் விடை தந்தான். அதனைக் காண அவையோர் எதிரே இருந்தனர். திரையிலோ பெயர் மட்டுமே தெரியும். படக்கருவியைத் திறந்து வைக்க வற்புறுத்தலும் முறையன்று. அளவுபட்ட இணைய இணைப்பும், பலர் உறையும் ஓரறை வீடும் உடைய மாணாக்கர் உளர். ஆதலின் முகம் தந்த விடையை எழுத்தாலும் சொல்லாலும் பெறுதல் வேண்டும்.

பின்னர் யாம் மேற்கொண்ட முறை வருமாறு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு இளம்பூரணர், சேனாவரையர், தெய்வச்சிலையார், நச்சினார்க்கினியர், கல்லாடர் ஆகியோர் உரைகள் உள. கல்லாடருரை முழுதும் கிடைத்திலது. ஆதலின் கிளவியாக்க நூற்பா ஒன்றைத் தேர்ந்தோம். மாணாக்கரை ஐவர் கொண்ட குழுக்களாகப் பகுத்து, ஒருவர்க்கு ஓர் உரை வழங்கினோம். வகுப்பிற்கு முன்னரே ஒவ்வொருவரும் தம் உரையாசிரியர் கருத்தையும், அதற்கு எழக்கூடிய தடை ஒன்றையும் ஐந்து வரியில் எழுதி அனுப்புவர். குழுவில் இருபது நிமிடம் தடையும் விடையும் நிகழும். பின்னர்க் குழுவிற்கு ஒருவர் அனைவர்க்கும் எடுத்துரைப்பர். அவர் உரைப்பது தமக்கு வழங்கிய உரையை அன்று. குழுவிற் பிறர் ஒருவர் விளக்கிய உரையை. உரைப்பவர் யார் என்பதும் அப்போதே அறிவிக்கப்படும். ஆதலின் எவரும் பிறர் சொற் கேளாதிருத்தல் இயலாது. ஆசிரியர் இறுதியிலேயே பேசுவர்.

சேனாவரையர் இளம்பூரணரை மறுக்கும் ஓரிடத்தில், இளம்பூரணர் சார்பாக மாணவி ஒருவர் எழுதிய விடை எமக்கும் தோன்றாதது. அப்பருவம் முழுதும் அவர் குரலை யாம் கேட்டதில்லை. அவர் அமைதியை அறியாமை என முன்னர் மதிப்பிட்டிருந்தோம் என்பதை நாணத்தோடு ஒப்புகின்றோம்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. புதிய இலக்கணக் கூறொன்றை முதன்முதல் அறிமுகம் செய்ய ஆசிரியர் உரை இன்றியமையாதது. எழுதிய பதில்களை எண்ணி மதிப்பெண் வழங்கின் வெற்றுரையே பெருகும். பிறர் தடைக்கு விடை கூறியதையே மதித்தல் வேண்டும்.

திரை மாணாக்கரை ஊமையராக்கிற்று என்பது முழுவுண்மை அன்று. முக்காற்பங்கு நேரத்தையும் ஆசிரியரே கொண்டமையே காரணம். அதனை உரியார்க்கு மீள அளித்தலே ஆசிரியர் கடன் என்க.