ஆண்மைக் குறைவு என்னும் அச்சமும் போதகரின் பொறுப்பும்

நம்மிடம் ஆலோசனை நாடி வரும் ஆடவர் தம் குறையை நேராகச் சொல்வது அரிது. "ஐயா, உடம்பில் பலமில்லை, நரம்புத் தளர்ச்சி, ஜெபம் பண்ணுங்கள்" என்பர். திருமணம் நிச்சயிக்கப்பட்ட வாலிபன் காரணம் கூறாமல் நாளைத் தள்ளிப்போடுவான். மணமாகிப் பல ஆண்டுகள் ஆனவர், மனைவியோடு பேச்சு வார்த்தை குறைந்துவிட்டது என்று மட்டும் கூறி நிறுத்திக்கொள்வார். இவற்றின் அடியில் பல வேளைகளில் மறைந்திருப்பது "ஆண்மைக் குறைவு" பற்றிய அச்சமேயாகும். இச்சொல்லின்கீழ் ஒன்றோடொன்று தொடர்பற்ற பல நிலைகள் ஒன்றாய்க் கட்டப்பட்டிருக்கின்றன. அக்கட்டை அவிழ்த்துக் காண்பதே நம் முதற் கடமை. ஏனெனில் அவற்றுள் ஒன்று நோயே அன்று; மற்றொன்றோ உயிருக்கு ஆபத்தை முன்னறிவிக்கும் அடையாளமாக இருக்கக்கூடும்.

நோயல்லாததை முதலில் நோக்குவோம். உறக்கத்தில் விந்து வெளிப்படுதலே நம் வாலிபரை மிகுதியும் அலைக்கழிக்கும் காரியம். பருவம் எய்திய ஆணின் உடலில் இத்திரவம் இடையறாது சுரக்கின்றது. சுரந்ததில் ஒரு பகுதி உடலிலேயே கரைந்துபோகின்றது. ஒரு பகுதி உறக்கத்தில் வெளியேறக்கூடும். ஒருமுறை வெளிப்படுவது ஏறத்தாழ 1.5 முதல் 5 மில்லி லிட்டர் வரையே. அதில் பெரும்பங்கு விந்துப் பைகளும் புராஸ்டேட் சுரப்பியும் தரும் நீரேயன்றி இரத்தத்தின் சாரமன்று. சிறுநீர் வெண்மையாகக் கலங்கினால் "தாது இறங்குகிறது" என்று அஞ்சுவர். அது பெரும்பாலும் சிறுநீரிலுள்ள பாஸ்பேட் உப்பினால் நேர்வது.

இவ்வச்சம் எங்கிருந்து பிறந்தது? உண்ட உணவு சாரமாகி, செந்நீராகி, ஊன், கொழுப்பு, என்பு, மூளை எனப் படிப்படியாக மாறி இறுதியில் சுக்கிலமாகின்றது என்பது நம் நாட்டு மருத்துவ மரபு. இதனின்று, பல துளி இரத்தம் ஒரு துளி விந்தாகின்றது என்ற எண்ணம் மக்களிடையே வேரூன்றிற்று. இவ்வச்சத்தால் இளைப்பு, மறதி, முதுகுவலி, மனச்சோர்வு என்று வருந்தும் நிலைக்கு 1960ஆம் ஆண்டில் மனநல மருத்துவர் நரேந்திர நாத் விக் அவர்கள் அந்தத் தாது என்னும் சொல்லைக்கொண்டே பெயரிட்டார். இதனைக் கீழைநாட்டு மூடநம்பிக்கை என்று மட்டும் தள்ளிவிடுதல் நியாயமாகாது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலண்டனில் பெயர் சொல்லாத ஒருவர் "ஒனானியா" என்ற நூலை வெளியிட்டு, தற்புணர்ச்சி உடலைக் கெடுக்கும் என்று அச்சுறுத்தி, அதே நூலில் தம் மருந்தையும் விற்றார். 1760இல் லொசான் நகர மருத்துவர் திசோ இதற்கு மருத்துவப் போர்வை அணிவித்தார். லேகியம் விற்பவரின் உபாயம் ஐரோப்பாவிலும் பழையதே.

ஓனானின் பெயரைக் கடன் வாங்கியதும் பொருத்தமன்று. ஆதியாகமம் 38ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசிப்போர்க்கு அவன் குற்றம் விளங்கும். மரித்த தமையனுக்குச் சந்ததி உண்டாக்கும் கடமையை ஏற்பதுபோல் காட்டித் தாமாரை வஞ்சித்ததே அது. லேவியராகமம் 15ஆம் அதிகாரம் இன்னும் தெளிவானது. நம் பழைய மொழிபெயர்ப்பில் முதலில் வரும் "பிரமியம்" ஓர் நோய். அதற்கு ஏழு நாள் எண்ணிக்கையும் பலியும் உண்டு. 16ஆம் வசனத்தில் வரும் "இந்திரியம்" கழிதலுக்கோ குளிப்பும் மாலைவரைத் தீட்டும் மட்டுமே, பலியில்லை. நோயையும் இயல்பையும் நியாயப்பிரமாணமே பிரித்துவிட்டது. தற்புணர்ச்சி பற்றிய ஒழுக்கவியல் கேள்வியை நாம் இங்குத் தீர்க்க முற்படவில்லை. அதனை ஒழுக்கவியலாகவே விவாதிக்கலாம். ஆனால் "கண் குழி விழும், பிள்ளை பிறக்காது" என்று பொய்யான மருத்துவத்தைப் பிரசங்க பீடத்திலிருந்து கூறுவது, அடுத்த தெருவில் மருந்து விற்பவனுக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பதாகும்.

அம்மருந்து வணிகத்தை யாவரும் அறிவர். இன்ன தேதியில் இன்ன ஊரில் இன்ன விடுதியில் தங்குவார் என்ற விளம்பரம் கண்டு, கடன் வாங்கிச் செல்வோர் நம் சபைகளிலும் உளர். ஆண்மைக் குறைவைத் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்தலை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கின்றது என்பதைச் சபையாருக்கு அறிவித்தால் நலம். மூலிகை என்று விற்கப்படுபவற்றில் சில்டெனாஃபில் என்னும் நவீன மருந்து இரகசியமாய்க் கலந்திருப்பதைப் பல நாட்டு அதிகாரிகள் கண்டுபிடித்துள்ளனர். நெஞ்சுவலிக்காகச் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை உட்கொள்பவர் அதனை அறியாமல் உண்டால், இரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்து மரணமும் நேரிடலாம்.

இனி, உண்மையான விறைப்புக் குறைவு. இதனை வெட்கத்திற்குரியதாகக் கருதி மறைப்பதனாலேயே பெருந்தீங்கு விளைகின்றது. விறைப்பு என்பது இரத்த ஓட்டத்தின் செயல். நரம்பின் தூண்டுதலால் நைட்ரிக் ஆக்ஸைடு சுரந்து இரத்தக் குழாய்களைத் தளர்த்த, உறுப்பினுள் இரத்தம் நிறைகின்றது. (இப்பொருள் இரத்தக் குழாய்களில் செய்யும் பணியைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது, சில்டெனாஃபில் அமெரிக்காவில் அனுமதி பெற்றதும் அவ்வாண்டே.) அவ்வுறுப்பின் தமனிகள் 1 முதல் 2 மில்லி மீட்டர் அகலமே உடையன. இருதயத்தின் தமனிகளோ 3 முதல் 4 மில்லி மீட்டர். குழாய்களின் உட்புறம் கெடத் தொடங்கினால் சிறியதில் முதலில் தெரிகின்றது. பெரியதில் பின்னர் தெரிகின்றது. ஆகவே நடுவயதில் படிப்படியாகத் தோன்றும் விறைப்புக் குறைவு, சில ஆண்டுகள் கழித்து வரவிருக்கும் மாரடைப்பின் முன்னறிவிப்பாக இருக்கக்கூடும். நீரிழிவு, இரத்த அழுத்தம், புகைபிடித்தல், மதுப்பழக்கம் ஆகியவை முக்கிய காரணங்கள். அழுத்தத்திற்கும் மனச்சோர்வுக்கும் உண்ணும் மாத்திரைகள் சிலவும் இதனை விளைவிப்பதுண்டு. மருத்துவரைக் கேளாமல் அவற்றை நிறுத்திவிடலாகாது. பாஸ்டன் வட்டாரத்தில் 40 முதல் 70 வயதுவரையுள்ள ஆடவரிடம் நடத்தி 1994இல் வெளியிட்ட ஆய்வில், 52 விழுக்காட்டினர்க்கு ஏதோ ஓரளவில் இக்குறை இருந்தது. தனக்கு மட்டுமே நேர்ந்த சாபம் என்று எண்ணுகிறவனுக்கு இந்த எண்ணே ஓர் ஆறுதல்.

நாம் முன்பு பணியாற்றிய ஒரு சேகரத்தில், ஐம்பதைத் தாண்டிய பள்ளி ஆசிரியர் ஒருவர் பாவ அறிக்கை செய்ய வந்தார். வாலிபத்தில் செய்த பிழைக்குத் தேவன் இப்பொழுது தண்டிக்கிறார் என்றார். அவர் அறிக்கையைக் கேட்டோம். மன்னிப்பின் வார்த்தையையும் கூறினோம். பின்பு இரவில் எத்தனை முறை எழுந்து சிறுநீர் கழிக்கிறீர் என்று வினவினோம். நான்கு முறை என்றார். இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை மிகுந்திருந்தது. அவருடைய கால் விரலிலிருந்த புண்ணை மருத்துவமனையில் அன்றுதான் ஒருவர் கண்டார். மன்னிப்பும் மருந்தும் ஒன்றுக்கொன்று மாற்றாகா.

இதற்கு மாறாக, இளம் மணமகனுக்குத் திடீரெனத் தோன்றும் இக்குறை பெரும்பாலும் அச்சத்தினால் வருவது. உறக்கத்திலும் விடியற்காலையிலும் இயல்பாக விறைப்பு இருக்குமாயின், நரம்பும் குழாயும் பெரும்பாலும் நலமே என்று கொள்ளலாம். விரைவில் விந்து வெளிப்படுதலும் இளைஞரிடம் மிகப் பரவலானது. 1956இல் ஜேம்ஸ் செமன்ஸ் என்னும் மருத்துவர் கூறிய நிறுத்தித் தொடங்கும் பயிற்சி இன்றும் கற்பிக்கப்படுகின்றது, மருந்தும் உண்டு. மனைவியின் ஒத்துழைப்பின்றி அப்பயிற்சி நடவாது. ஆகவே இருவரும் ஒன்றாகவே மருத்துவரிடம் செல்லுதல் நலம். 1 கொரிந்தியர் 7ஆம் அதிகாரத்தில் பவுல் கணவனுக்குக் கூறியதையே மனைவிக்கும் கூறி, இருவரையும் சமமாய் நிறுத்துவதை இங்கே எடுத்துக்காட்டலாம். எரிச்சல், சீழ், புண் முதலியன இருந்தால் அது வேறு காரியம். தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லவும், துணைவியும் பரிசோதிக்கப்படவும் வேண்டும்.

பிள்ளையில்லாமையைக் குறித்து நம் சபைகள் இழைக்கும் அநீதி பெரிது. குறை ஏறக்குறைய பாதித் தம்பதியரிடம் ஆணிடத்தும் இருக்கின்றது. ஆயினும் வீட்டார் கூர்ந்து நோக்குவது பெண்ணின் வயிற்றையே. உடலுறவில் எக்குறையுமில்லாதவனுக்கும் விந்தணுக்கள் குறைந்திருக்கலாம். பருவம் எய்தியபின் வந்த பொன்னுக்கு வீங்கியோ, விரையின் நாளங்கள் புடைத்தலோ காரணமாகலாம். ஆண்மை வேறு, கருவளம் வேறு. கணவனுக்குச் செய்யும் விந்துப் பரிசோதனை எளியது, செலவு குறைந்தது, வலியற்றது. அது முடியுமுன் மனைவியை அறுவைக்கும் ஊர்ப்பழிக்கும் உட்படுத்துவது முறையன்று. "மலடி" என்ற சொல்லை வேதத்தில் காண்போர், உபாகமம் 7:14 ஆணின் மலட்டையும் கூறுகின்றது என்பதைக் கவனிப்பாராக. மருமகளைத் தள்ளிவிட்டு மறுமணம் பேசும் குடும்பத்தில், "மகனைப் பரிசோதித்தீர்களா?" என்று கேட்கும் துணிவு போதகர்க்கு வேண்டும், அக்கேள்வியைக் கேட்க வேறொருவர் அவ்வீட்டில் இரார்.

திருமண ஆயத்த வகுப்புகளில் இவற்றை மணமக்கள் இருவருக்கும் சொல்லிவைத்தல் எளிது; கூச்சமிருப்பின் சபையிலுள்ள மருத்துவர் ஒருவரையோ செவிலியரையோ அழைக்கலாம். தனிமையில் வருகிறவரிடம் வயது, சர்க்கரை, உண்ணும் மாத்திரைகள், புகை, உறக்கம், மனச்சோர்வு ஆகியவற்றை வினவிய பின்னரே ஜெபிப்பது நன்று. விடுதி மருத்துவரை விடுத்து, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சிறுநீரகவியல் பிரிவுக்கோ, தேவைப்பட்டால் மனநலப் பிரிவுக்கோ அனுப்ப வேண்டும். அவர் பெயரை ஜெபக் கூட்டத்தின் விண்ணப்பப் பட்டியலில் சேர்த்தல் ஆகாது. "ஒரு சகோதரரின் சரீரக் குறைக்காக" என்று மறைத்துக் கூறினாலும், சிறிய ஊரில் அது யாரென்று மாலைக்குள் தெரிந்துவிடும்.