கெர்னல் எங்கே?

கட்டற்ற கணிதம் - 6

சேஜ்மேத் என்ற கணித மென்பொருள் இன்ஸ்டால் ஆகிவிட்டது. டெர்மினலில் சேஜ் என்று தட்டினால் எழுந்து வந்து கணக்குப் போடுகிறது. ஜூபிட்டர் நோட்புக்கும் பிரவுசரில் திறக்கிறது. ஆனால் அந்த நோட்புக்குக்குள் போய் சேஜைக் கூப்பிட்டால், அப்படி ஒரு மாட்யூலே இல்லை என்று சிவப்பு எழுத்தில் நீளமாக ஒரு பதில். சென்ற இதழில் சொன்னபடி செய்து வந்தவர்களில் பலர் இப்போது இங்கேதான் நின்றுகொண்டிருப்பீர்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடலாமா என்று கை பரபரக்கும். வேண்டாம். சேஜ் பல ஜிபி பிடிக்கும் சாமான். இறக்கி முடிப்பதற்குள் இன்னொரு மாலை போய்விடும், அதே சிவப்பு எழுத்து மறுபடி வந்து நிற்கும். சேஜ் சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. நோட்புக்குக்கு அதன் முகவரி தெரியவில்லை, அவ்வளவுதான்.

பிரவுசரில் நாம் பார்க்கும் நோட்புக் தானாக ஒரு கணக்கும் போடாது. கட்டத்துக்குள் நாம் எழுதுவதை வாங்கி, பின்னால் ஓடும் வேறொரு புரோகிராமிடம் கொடுத்து, அது தரும் விடையைக் கீழே ஒட்டும். பின்னால் ஓடும் அந்தப் புரோகிராமுக்குத்தான் கெர்னல் என்று பெயர். கொலம்பியாவைச் சேர்ந்த ஃபெர்னாண்டோ பெரெஸ், அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது 2001இல் ஜூபிட்டரின் முன்னோடியான ஐபைத்தானை எழுதத் தொடங்கினார். அதன் பிரவுசர் நோட்புக் 2011 டிசம்பரில் வெளியானது. பக்கத்தையும் கணக்குப் போடுகிறவரையும் தனித்தனியே வைத்துவிட்டதால், பின்னால் இருப்பது பைத்தானாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல் போயிற்று. 2014இல் ஜூலியா, பைத்தான், ஆர் என்ற மூன்று மொழிகளின் பெயரையும் கோத்து ஜூபிட்டர் என்று பெயர் மாறியதற்கு இதுவே காரணம்.

தன்னிடம் என்னென்ன கெர்னல்கள் உள்ளன என்பதை அறிய ஜூபிட்டர் சில குறிப்பிட்ட ஃபோல்டர்களில் மட்டும் தேடும். கெர்னலுக்கு ஒரு ஃபோல்டர், அதனுள் கெர்னல்.ஜேசன் என்று ஒரு குட்டி ஃபைல். எந்தப் புரோகிராமை எங்கிருந்து கிளப்ப வேண்டும், மெனுவில் என்ன பெயர் காட்ட வேண்டும் என்பது அதில் எழுதியிருக்கும். சாதாரண நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். டெர்மினலில் ஜூபிட்டர் கெர்னல்ஸ்பெக் லிஸ்ட் என்று மூன்று சொற்களை இடைவெளி விட்டு அடியுங்கள். பட்டியலில் பைத்தான்3 மட்டும் தனியாக நின்றால் நோய் என்னவென்று தெரிந்துவிட்டது.

மருந்து இரண்டு விதம். சேஜோடு சேர்ந்தே ஒரு ஜூபிட்டர் வருகிறது. சேஜ் கட்டளைக்குப் பின்னால் மைனஸ் என், ஜூபிட்டர் என்று சேர்த்தால் அது திறக்கும், அதற்கு சேஜின் முகவரி பிறவியிலேயே தெரியும். அல்லது, ஏற்கெனவே நீங்கள் புழங்கும் ஜூபிட்டரே வேண்டுமென்றால், சேஜுக்குள் இருக்கும் கெர்னல் ஃபோல்டரைக் கெர்னல்ஸ்பெக் இன்ஸ்டால் கட்டளையால் அதனிடம் பதிவு செய்ய வேண்டும். இரண்டாவது வழியில் ஒரு சங்கடம் உண்டு. பதிவான பிறகு, இடம் போதவில்லை என்று சேஜ் ஃபோல்டரை வேறு டிரைவுக்கு நகர்த்தினீர்களானால் ஜேசன் ஃபைல் பழைய முகவரியையே சொல்லிக்கொண்டிருக்கும். மெனுவில் சேஜ் என்ற பெயர் தெரியும், தேர்ந்தெடுத்தால் கெர்னல் கிளம்பாது. என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முதல் வழியே போதும்.

சிவப்பு எழுத்து வந்தால் நல்லதுதான். ஏதோ தவறு என்றாவது தெரிகிறது. சிவப்பே இல்லாமல் தவறான விடை வருவதற்குத்தான் நான் பயப்படுவேன். நோட்புக்கின் வலது மேல் மூலையில் எந்த கெர்னல் என்று எழுதியிருக்கும். அங்கே பைத்தான் என்று இருப்பதைக் கவனிக்காமல் 2^3 என்று அடித்துப் பாருங்கள். விடை 1. 10^2 என்றால் 8. பைத்தானில் ^ என்ற குறிக்கு அடுக்கு என்ற பொருளே கிடையாது. இரண்டு எண்களையும் இரும எண்களாக எழுதி, இலக்கம் வேறுபடும் இடங்களில் மட்டும் 1 போடும் செயல் அது. 2 என்பது 10, 3 என்பது 11; வேறுபடுவது கடைசி இலக்கம் ஒன்றுதான், ஆகவே 1. சேஜ் கெர்னலில் இதே 2^3 அடித்தால் 8 வரும். நாம் எழுதும் வரியைப் பைத்தானிடம் கொடுப்பதற்கு முன் சேஜ் ஒருமுறை திருத்தி எழுதுகிறது. அடுக்குக் குறியைப் பைத்தானுக்குப் புரியும் இரட்டை நட்சத்திரமாக மாற்றும். 1/3 என்பதைத் தசமமாக உடைக்காமல் பின்னமாகவே வைத்திருக்கும். 1/3 + 1/6 கேட்டால் சேஜ் 1/2 என்கிறது, பைத்தான் 0.5 என்கிறது. இங்கே வித்தியாசம் சிறிதாகத் தெரியலாம். நூறு வரிக் கணக்கில் நடுவே ஒரு பின்னம் தசமமாகிவிட்டால் கடைசியில் வருவது துல்லியமான விடை ஆகாது.

பைத்தான் கெர்னலுக்குள்ளேயே சேஜ் முழுவதையும் இம்போர்ட் செய்துகொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். சேஜ் இருக்கும் அதே பைத்தானாக இருந்தால் செய்யலாம். சேஜின் செயல்கள் எல்லாம் வரும். அந்தத் திருத்தி எழுதும் வேலை மட்டும் வராது. 2^3 அப்போதும் 1தான்.

சேஜ் இருக்கும் அதே பைத்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சிஸ் மாட்யூலை இம்போர்ட் செய்து அதன் எக்ஸிக்யூட்டபிள் என்ன என்று நோட்புக்கிலேயே கேளுங்கள், எந்தப் பைத்தான் பதில் சொல்கிறது என்பதை முழு முகவரியோடு காட்டும். ஒரு கணினியில் மூன்று நான்கு பைத்தான்கள் இருப்பது இப்போது சகஜம்: சிஸ்டத்தோடு வந்தது, கோண்டா கொண்டுவந்தது, சேஜுக்கென்று ஒன்று. பிப் என்ற இன்ஸ்டாலர் ஒன்றில் போட்டதை மற்றொன்றில் தேடுவதால் வரும் தலைவலிதான் இந்தத் துறையில் பாதி.

சேஜ் ஏன் இவ்வளவு கனம், ஏன் தனி அறை கேட்கிறது என்பதற்கு அது பிறந்த கதையில் விடை இருக்கிறது. எண் கோட்பாட்டு ஆய்வாளரான வில்லியம் ஸ்டைன் 2005இல் இதை வெளியிட்டபோது எல்லாவற்றையும் தானே எழுத உட்காரவில்லை. பிரான்சில் போர்தோவில் வளர்ந்த பாரி, 1986இல் ஜெர்மனியின் ஆகனில் தொடங்கிய காப், கைசர்ஸ்லவுட்டர்னிலிருந்து சிங்குலர், எம்ஐடியின் மாக்சிமா (Macsyma) வழித்தோன்றலான மேக்ஸிமா (Maxima) என்று ஏற்கெனவே பழுத்திருந்த கட்டற்ற மென்பொருட்களைப் பைத்தானால் சேர்த்துக் கட்டினார். மேக்ஸிமா எழுதப்பட்டது லிஸ்ப் மொழியில், பாரி சி மொழியில். கூட்டுக் குடும்பம் மாதிரிதான்: ஒருவருக்காகச் செய்யும் சின்ன மாற்றம் இன்னொருவரைக் கிளப்பிவிடும். எனவே கோண்டாவில் போடும்போது ஏற்கெனவே இருக்கும் சூழலில் திணிக்காமல் சேஜுக்கென்று புதுச் சூழல் ஒன்று உருவாக்குங்கள். சோர்ஸிலிருந்து கட்டுகிறவர்கள் ஃபோல்டர் பெயரில் எங்கும் இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல மணி நேர வேலை, ஓர் இடைவெளியால் கெடும்.

விண்டோஸ்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. விண்டோஸுக்கென்றே வந்துகொண்டிருந்த இன்ஸ்டாலர் 9.3 பதிப்போடு நின்றுவிட்டது. இப்போது டபிள்யூஎஸ்எல் வழியாக உள்ளே ஒரு லினக்ஸ் வைத்து அதில் சேஜ் போடுவதே வழி. கணக்கு லினக்ஸில் நடக்கிறது, பிரவுசர் விண்டோஸில் இருக்கிறது. அதனால் ஜூபிட்டர் தானாகப் பிரவுசரைத் திறக்கத் தெரியாமல் விழிக்கும். டெர்மினலில் அது காட்டும் நீண்ட முகவரியை டோக்கனோடு முழுதாகக் காப்பி செய்து பிரவுசரில் ஒட்டுங்கள். திடீரென்று பாஸ்வேர்டு கேட்கிறதா? நீங்கள் எதையும் மறக்கவில்லை. வேறொரு ஜூபிட்டர் ஏற்கெனவே 8888ஆம் போர்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும், புதியது 8889க்குப் போயிருக்கும், நீங்கள் பழையதன் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பெரிய கணக்கின் நடுவில் கெர்னல் செத்துப் போனால் பெரும்பாலும் ரேம் பற்றாக்குறை. கணினியின் ரேம் முழுவதையும் டபிள்யூஎஸ்எல் எடுத்துக்கொள்வதில்லை.

பழைய பாடங்களைப் பார்த்துப் படிக்கிறவர்களும் கவனிக்க: 2020 ஜனவரி 1 அன்று வந்த 9.0 பதிப்பில் சேஜ் பைத்தான் 3க்கு மாறியது. பிரின்ட்டுக்கு அடைப்புக்குறி போடாத வரிகள் இனி ஓடாது.

எல்லாம் சரியாக அமைந்ததா என்று பார்க்க 2 + 2 போதாது. நான் கொடுக்கும் கணக்கு கும்பகோணம் சம்பந்தப்பட்டது. 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 200ஐ எத்தனை வகையாகப் பிரிக்கலாம்? கும்பகோணத்து ராமானுஜனும் ஹார்டியும் இதற்கென்று 1918இல் வெளியிட்ட சூத்திரத்தைச் சரிபார்க்க, மேஜர் மெக்மஹோன் 200 வரைக்கும் கையாலேயே கணக்கிட்டுக் கொடுத்தார். விடை 39,72,99,90,29,388. ஏறக்குறைய நான்கு லட்சம் கோடி. சேஜில் பார்ட்டிஷன்ஸ் என்று எழுதி அடைப்புக்குள் 200 கொடுத்து, புள்ளி வைத்து கார்டினாலிட்டி என்று கேட்டால், கண்ணிமைப்பதற்குள் இதே எண் வர வேண்டும். உள்ளே அதைக் கணக்கிடுவது ஃபிளிண்ட் என்ற நூலகம். அதன் வழிமுறை, ராமானுஜன்-ஹார்டி சூத்திரத்தை ராடமாகர் 1937இல் செப்பம் செய்த வடிவம்.

அதே கேள்வியில் அல்காரிதம் என்ற இடத்தில் காப் என்றும், அடுத்து பாரி என்றும் கொடுத்துக் கேளுங்கள். காப் மெதுவானது என்பதை சேஜின் கையேடே ஒளிக்காமல் சொல்கிறது; 200க்கு அது பொருட்டல்ல. மூன்றும் ஒரே எண்ணைச் சொன்னால் அந்த மூன்று பாகங்களும் ஒழுங்காக இருக்கின்றன. ஒன்று மட்டும் பிழை காட்டினால் அந்த ஒன்றின் பெயரை வைத்தே தேடுங்கள், சேஜ் முழுவதையும் சந்தேகிக்க வேண்டாம். இவை உள்ளே என்ன செய்கின்றன என்று பார்க்க ஆசையிருந்தால் செயலின் பெயருக்குப் பின்னால் இரண்டு கேள்விக்குறி போடுங்கள். சோர்ஸ் அப்படியே விரியும். அதை எப்படிப் படிப்பது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)